மேற்குச் சுவருக்கு ஒரு சட்டை

இல்லமும் நலமும் - தொடர் பகுதி



போன வருஷம் சித்திரை மாதம். ராத்திரி பத்து மணி தாண்டியிருக்கும், போன் அடித்தது. தாம்பரம் பக்கம் குடியிருக்கும் என் அக்கா மகள்தான். குரலே சரியில்லை.

"சித்தி, குழந்தை தூங்கவே மாட்டேங்கிறா. ஒன்பது மணிக்குத் தொட்டில்ல போட்டா பத்து மணிக்கு வீல்னு கத்திக்கிட்டு எழுந்திருக்கிறா. விடிய விடிய இதே கதை. பால் போதலைங்கிறாங்க அத்தை. பக்கத்து வீட்டம்மா திருஷ்டிங்கிறாங்க. எனக்கே இப்ப சந்தேகம் வந்துடுச்சு சித்தி, நிஜமாவே எனக்குப் பால் இல்லையோன்னு..."

மேலே பேச முடியாமல் அழுதுவிட்டாள்.

குழந்தைக்கு அப்போது ஐந்து மாதம். டாக்டரிடம் காட்டியாகிவிட்டது. எடை சரியாக ஏறுகிறது, ஒரு குறையும் இல்லை என்று அவர் சொல்லியிருந்தார். அப்படியானால் என்னதான் காரணம்? மறுநாள் சாயங்காலமே ஒரு பையில் இரண்டு புடவையைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அவர்கள் இருப்பது மாடிப் போர்ஷன். கட்டி இருபது வருஷத்துக்கு மேல் ஆன சொந்த வீடு. ராத்திரி ஒன்பது மணிக்குக் குழந்தையைப் படுக்க வைத்தார்கள். மின்விசிறி சுற்றுகிறது. ஜன்னல் திறந்திருக்கிறது. வெளியே லேசாகக் கடல்காற்றுகூட வர ஆரம்பித்துவிட்டது. ஆனாலும் அந்த அறைக்குள் ஒரு புழுக்கம். பத்து மணிக்குக் குழந்தை கத்திக்கொண்டு எழுந்தது. தூக்கினேன், முதுகும் பிடரியும் நனைந்து கிடந்தன. தொட்டிலுக்குப் பின்னால் இருந்த சுவரில் தற்செயலாகக் கை பட்டது. சட்டென்று இழுத்துக்கொண்டேன். இறக்கி வைத்துக் கொஞ்ச நேரமே ஆன தோசைக்கல் மாதிரி கதகதவென்று இருந்தது!

"இது எந்தப் பக்கத்துச் சுவர்டி?"

"மேற்கு, சித்தி."

"போன வருஷமும் இப்படித்தான் சுட்டுச்சா?"

கொஞ்சம் யோசித்தாள். "இல்லையே... அப்ப பக்கத்து மனையில பெரிய வேப்பமரம் இருந்துச்சு. வீடு கட்டப் போறோம்னு வெட்டிட்டாங்க. இன்னும் கட்டலை."

விஷயம் புரிந்துவிட்டது. குற்றவாளி பாலும் இல்லை, திருஷ்டியும் இல்லை. நிழல் போன மேற்குச் சுவர்! அன்று ராத்திரியே தொட்டிலை அந்தச் சுவரிலிருந்து கழற்றிக் கிழக்குப் பக்கத்து ஹாலில் மாட்டினோம். குழந்தை நாலு மணி வரை தூங்கியது. பெற்றவளும் தூங்கினாள்.

தொட்டிலை இடம் மாற்றினால் மட்டும் போதுமா? அந்த அறையில் இன்னும் இரண்டு பேர் படுத்தாக வேண்டுமே. "இருக்கிற ஏ.ஸி. பத்தலை, பெரிசா ஒண்ணு வாங்கிடலாம்" என்றார் மாப்பிள்ளை. "இருக்கிற ஏ.ஸி.க்கே கரண்டு பில் கட்டி முடியலை" என்றார் சம்பந்தியம்மா. இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் இரண்டு பேருமே அறைக்குள்ளேயே பார்த்தார்கள். நான் வெளியே பார்க்கச் சொன்னேன். அந்தக் கதையைத்தான் இந்த இதழில் சொல்லப் போகிறேன்.

பகலில் வாங்கிய கடன்

சுவர் ஏன் ராத்திரியில் சுடுகிறது? சாயங்காலம் மூன்று மணியிலிருந்து ஐந்தரை மணி வரை வெயில் சாய்ந்து வந்து மேற்குச் சுவரில் நேராக அறைகிறது. செங்கல் அதை உடனே உள்ளே விடுவதில்லை. மெதுவாகக் குடித்துக்கொள்கிறது. ஒன்பது அங்குலச் சுவரில் வெளிப்பக்கச் சூடு உள்பக்கம் வந்து சேர ஆறேழு மணி நேரம் ஆகும். நாலு மணி வெயில் பத்து, பதினோரு மணிக்குத்தான் உங்கள் படுக்கை அறைக்குள் வருகிறது! வெளியே காற்று குளிர்ந்திருக்கும், உள்ளே அடுப்பு எரிகிற மாதிரி இருக்கும்.

கிழக்குச் சுவரிலும் அதே வெயில்தானே படுகிறது என்று கேட்பீர்கள். படுகிறது. ஆனால் அது காலை வெயில். அந்தச் சூடு உள்ளே வந்து சேருவது பிற்பகலில். படுக்கிற நேரத்துக்குள் பெரும்பாலும் தணிந்துவிடும். மேற்குச் சுவரின் பாக்கிதான் சரியாகத் தூங்குகிற நேரத்துக்கு வந்து கதவைத் தட்டுகிறது.

வெயில் அதிகமாகக் குடிப்பது எது என்றால், மொட்டைமாடிதான். ஏப்ரல் கடைசியில் ஒரு நாளும், ஆகஸ்டு நடுவில் ஒரு நாளும் சென்னையில் உச்சிவேளையில் சூரியன் சரியாகத் தலைக்கு மேலே நிற்கும். நட்டு வைத்த கம்புக்கு நிழலே விழாது. மாடி வீட்டுக்காரர்கள் முதலில் கூரையைக் கவனிக்க வேண்டும், அடுத்தது மேற்குச் சுவர். தெற்குச் சுவரில் கோடையில் வெயில் அதிகம் படாது. அதற்குச் செலவு செய்ய வேண்டாம்.

என் அக்கா மகள் வீட்டில் கூரைக்கு ஏற்கெனவே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து தட்டி, மேலே தட்டோடு பதித்திருந்தார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் தெளித்துப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் தட்டுவார்களே, அந்த வேலைதான். மழைக்கும் சூட்டுக்கும் நம் ஊர் கண்டுபிடித்த போர்வை அது. மேலே வெள்ளைச் சுண்ணாம்பு ஒரு கை அடித்ததும் கூரைப் பிரச்னை பாதி தீர்ந்தது. மிச்சம் இருந்தது சுவர்.

முதலில் கைச்செலவு வைத்தியம்

பெரிய செலவுக்குப் போவதற்கு முன்னால் சின்ன வைத்தியம் செய்து பார்ப்பதுதானே நம் வழக்கம்? அந்தச் சித்திரையிலேயே மூன்று காரியம் செய்தோம்.

முதலாவது, சுவருக்கு நிழல். சவுக்குக் கம்பு நட்டுப் பச்சை வலை கட்டினோம். சுவரோடு ஒட்டிக் கட்டாமல் ஒன்றரை அடி தள்ளிக் கட்டச் சொன்னேன். நடுவில் இருக்கும் காற்று சூடேறி மேலே போய்விடும், சுவரைத் தொடாது. கீற்றுத் தட்டியும் கட்டலாம், ஆனால் மாடியில் தீப் பயம் உண்டு. கீழ் வீடாக இருந்தால் பந்தல் போட்டு அவரையோ கோவையோ ஏற்றிவிடுங்கள். நிழலுக்கு நிழல், கறிக்குக் கறி.

இரண்டாவது, ஜன்னல். திரைச்சீலையை உள்ளே எத்தனை கனமாகப் போட்டாலும், கண்ணாடியைத் தாண்டி வந்த வெயில் வந்ததுதான். தடுப்பு வெளியே இருக்க வேண்டும். மூங்கில் தட்டியை ஜன்னலுக்கு வெளியே தொங்கவிட்டு, இரண்டு மணிக்கு இறக்கி ஆறு மணிக்கு ஏற்றும்படி செய்தோம்.

மூன்றாவது, நிறம். அந்தச் சுவர் அடர்ந்த காவி நிறத்தில் இருந்தது. பார்க்க லட்சணம்தான். ஆனால் அடர்நிறம் வெயிலின் பெரும்பகுதியைக் குடித்துவிடும். புது வெள்ளைச் சுண்ணாம்பு முக்கால் பங்குக்கு அருகே திருப்பி அனுப்பிவிடும். வெயிலில் காயும் கறுப்புக் குடையையும் வெள்ளைக் குடையையும் தொட்டுப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா?

இந்த மூன்றிலேயே நல்ல வித்தியாசம் தெரிந்தது. உங்கள் வீட்டில் ஏ.ஸி. இல்லை என்றால், இவற்றோடு நிறுத்திக்கொண்டாலும் தப்பில்லை. ஆனால் ஆடிக் காற்றில் வலை இரண்டு தடவை கிழிந்தது. நிரந்தரமாக ஏதாவது செய்யலாம் என்று மாப்பிள்ளையே சொன்னார். அப்போதுதான் "சுவருக்குச் சட்டை" என்ற பேச்சு வந்தது.

சட்டை உள்ளேயா, வெளியேயா?

வந்து பார்த்த முதல் மேஸ்திரி, "உள்பக்கம் தெர்மோகோல் வச்சு, மேலே ஜிப்சம் பலகை அடிச்சிடலாம்மா. ரெண்டே நாள் வேலை" என்றார். கேட்க எளிதாக இருந்தது. நான் ஒப்புக்கொள்ளவில்லை.

ஏன் என்று சொல்கிறேன். உள்ளே போட்டால் அறையில் இரண்டு மூன்று அங்குலம் போய்விடும். ஸ்விட்ச், பிளக் எல்லாவற்றையும் பிடுங்கி மாட்ட வேண்டும். தொட்டில் கொக்கி, அலமாரி, சாமி படம் எதற்கும் ஆணி பிடிக்காது. தரைத்தளமும் குறுக்குச் சுவரும் வெளிச்சுவரோடு சேருகிற இடத்தில் போர்வை அறுந்துபோகும். அந்த வழியாகச் சூடு உள்ளே புகும். எல்லாவற்றுக்கும் மேலாக, சுவர் அப்போதும் வெயிலில் கிடந்து வெந்துகொண்டேதான் இருக்கும். பகலில் விரிந்து, ராத்திரி சுருங்கி, மேல்பூச்சு வெடிப்பதும் நிற்காது.

வெளியே போட்டால்? செங்கல் நிழலுக்குள் வந்துவிடுகிறது. ராத்திரி ஜன்னலைத் திறந்து வைத்தால் செங்கல் குளிர்ச்சியைக் குடித்து வைத்துக்கொண்டு, பகல் முழுவதும் அறைக்கு அதைத் திருப்பிக் கொடுக்கும். ஏ.ஸி. போட்டால் அந்தக் குளிர்ச்சியும் சட்டென்று ஓடிப் போகாது. வேலை நடக்கும்போது கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வேறு வீடு தேட வேண்டாம். எல்லாம் சாரத்தில் நின்றபடி வெளியிலேயே நடக்கும்.

இந்த முறை ஜெர்மனியில் 1950-களின் பிற்பகுதியில் ஆரம்பித்தது. 1973-ல் எண்ணெய் விலை திடீரென்று ஏறியபோது, குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக வைக்க எண்ணெய் வாங்கிக் கட்டாமல் ஐரோப்பா முழுவதும் பழைய வீடுகளுக்கு இப்படிச் சட்டை போட ஆரம்பித்தார்கள். "அது குளிருக்குப் போட்டது, நமக்கு எதற்கு?" என்றார் சம்பந்தியம்மா. ஹாட்பாக்ஸில் இட்லி வைத்தால் சூடு போகாது. அதிலேயே ஐஸ்கிரீம் வைத்தாலும் சட்டென்று உருகாது. டப்பாவுக்கு இட்லியும் தெரியாது, ஐஸும் தெரியாது. சூட்டை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகவிடாமல் மறிப்பது ஒன்றுதான் அதற்குத் தெரியும்.

நம் சென்னைக்கே இது பழைய பாடம். மெரினாவில் ஐஸ் ஹவுஸ் என்று சொல்கிறோமே, இப்போது விவேகானந்தர் இல்லம், அது 1842-ல் ஐஸ் சேமிக்கக் கட்டியது. அமெரிக்காவின் பாஸ்டன் துறைமுகத்திலிருந்து ஐஸ் பாளங்களை மரத்தூளில் பொதிந்து, மாதக்கணக்கில் கப்பலில் கொண்டுவந்தார்கள். பூமத்திய ரேகையைத் தாண்டி வந்தும் முழுவதும் கரைந்துவிடாமல் வந்து சேர்ந்தது. மரத்தூளுக்குள் அடைபட்டிருந்த காற்றின் மகிமை அது. கல்யாண வீட்டில் ஐஸ் கட்டியை உமியில் புதைத்துச் சாக்கால் மூடுவதும் இதே சூட்சுமம்தான்.

தெர்மோகோலிலும் பெரும்பகுதி அடைபட்ட காற்றுதான். இரண்டு அங்குல தெர்மோகோல் தடுக்கும் சூட்டைச் செங்கல் தடுக்க வேண்டுமானால், மூன்றடிக்கு மேல் கனமான சுவர் கட்ட வேண்டும்! ஒன்பது அங்குலச் சுவருக்கு வெளியே அதை ஒட்டினால், அந்தச் சுவர் வழியாக வரும் சூடு ஏறக்குறைய நாலில் ஒரு பங்காகக் குறையும். கவனியுங்கள், அந்தச் சுவர் வழியாக வரும் சூடுதான். கரண்டு பில் நாலில் ஒன்றாகும் என்று கணக்குப் போட்டு ஏமாற வேண்டாம். ஜன்னல், கூரை, சமையல், நாம் நாலு பேர் விடும் மூச்சு எல்லாம் மிச்சம் இருக்கிறதே.

வேலை நடந்த விதம்

மழைக்காலம் போய்த் தை பிறக்கட்டும் என்று காத்திருந்தோம். கொட்டுகிற மழையிலும் கொளுத்துகிற வெயிலிலும் இந்த வேலை கூடாது. பூச்சு ஒழுங்காகக் காயாது.

முதல் வேலை, சுவரைச் சோதிப்பது. மேலிருந்து கீழ் வரை மரச்சுத்தியால் லேசாகத் தட்டிப் பார்த்தார்கள். 'பொத் பொத்' என்று சத்தம் வந்த இடத்தில் பழைய பூச்சைக் கொத்தி எடுத்துப் புதிதாகப் பூசினார்கள். குளியலறைக் குழாய் ஒன்று கசிந்து, ஓரிடத்தில் உப்புப் பூத்திருந்தது. "சட்டை போட்டா மறைஞ்சிடும்மா" என்றார் கையாள் ஒருவர். மறைந்துவிடும் என்பதுதான் ஆபத்து! குழாயைச் சரி செய்து, சுவர் நன்றாகக் காயும் வரை பதினைந்து நாள் நிறுத்தி வைத்தோம். ஈரச் சுவருக்குச் சட்டை போடுவது, நனைந்த தலையை முடிந்து கொண்டை போடுகிற மாதிரி.

பிறகு பலகை ஒட்டினார்கள். டி.வி. பெட்டியில் வரும் தெர்மோகோல் அல்ல இது. கட்டட வேலைக்கென்று, தீத்தடுப்பு மருந்து கலந்து வருவது. செங்கல் வரிசை மாதிரியே இணைப்புகள் மாறி மாறி வரும்படி, அதற்கென்று உள்ள சிமெண்டுப் பசையால் ஒட்டினார்கள். பசை காய்ந்ததும், குடை மாதிரித் தலை உள்ள நீள பிளாஸ்டிக் ஆணிகளைச் செங்கல் வரை இறக்கினார்கள். புயல்காற்று அடிக்கிற ஊர் நம்முடையது. பசையை மட்டும் நம்பக் கூடாது.

அதன்மேல் ஒரு பூச்சு. பூச்சு ஈரமாக இருக்கும்போதே கண்ணாடி நாரால் ஆன வலையை அதில் பதித்து மேலே இன்னொரு பூச்சு. 'ஃபைபர் மெஷ்' என்பார்கள். ஒரு வலையின் ஓரம் அடுத்ததன்மேல் நாலு அங்குலம் ஏற வேண்டும். ஜன்னலின் நாலு மூலையிலும் சின்ன வலைத் துண்டு ஒன்றைச் சாய்வாக வைக்க வேண்டும். விரிசல் முதலில் அங்கேதான் கிளம்பும். நான் நின்றுகொண்டிருந்தபோதே அந்தத் துண்டை வைக்காமல் பூசப் பார்த்தார்கள். "அது எதுக்கும்மா, வலை முழுசா போட்டிருக்கோமே" என்றார் மேஸ்திரி. "ரவிக்கைக்கு அக்குள்ல கொக்கித் துண்டு எதுக்கு வைக்கிறாங்க?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே வைத்துவிட்டார்.

கடைசியாக வெளிப்பூச்சு, நிறம். வெளிர் நிறம்தான் என்று என் அக்கா மகள் பிடிவாதமாக இருந்தாள். நல்லதாயிற்று. தெர்மோகோலின் மேல் அடர்நிறம் அடித்தால் சூடு உள்ளே இறங்க வழியில்லாமல் மேல்பூச்சிலேயே நின்று, சீக்கிரம் வெடிக்கும்.

நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகள்

இந்த வேலைக்கு ஆள் வந்தால் பேசாமல் காபி மட்டும் கொடுத்து அனுப்பாதீர்கள். ஒரு காகிதத்தில் இவற்றை எழுதி வைத்துக் கேளுங்கள்.

1. சட்டை போட்டபின் சுவர் இரண்டரை அங்குலம் வெளியே தள்ளி வரும். அது உங்கள் மனைக்குள்ளேயே இருக்கிறதா? சாரம் கட்டப் பக்கத்து மனைக்காரரிடம் அனுமதி கேட்டாயிற்றா? அடுக்குமாடி வீடு என்றால், வெளிச்சுவர் எல்லோருக்கும் பொது. சங்கத்தின் சம்மதம் இல்லாமல் தொடக் கூடாது.

2. கீழ் விளிம்பும் மேல் விளிம்பும் எப்படி முடிகின்றன? கீழே தரையைத் தொடாமல் அரையடியாவது மேலே நிற்க வேண்டும். விளிம்பை மூடிப் பட்டை அடிக்க வேண்டும். இல்லையென்றால் எறும்பும் கரையானும் உள்ளே குடித்தனம் வைத்துவிடும். மேலே கைப்பிடிச் சுவரின் தலையில் மூடி வேண்டும். அங்கே ஒரு விரல் இடைவெளி இருந்தாலும் ஐப்பசி மழை உள்ளே இறங்கிவிடும்.

3. ஜன்னல் ஓரங்கள்? சட்டையை ஜன்னலின் பக்கவாட்டிலும் மடித்து விட வேண்டும். ஜன்னல் அடிக்கல், புதுச் சுவரையும் தாண்டி வெளியே நீள வேண்டும். அதன் அடியில் சின்னக் காடி இருந்தால் தண்ணீர் சுவரில் வழியாமல் சொட்டிப் போய்விடும்.

4. ஏ.ஸி.யின் வெளிப்பெட்டி, தண்ணீர்க் குழாய், கேபிள், கொடிக் கம்பி? எல்லாவற்றையும் கழற்றி, நீள ஆணி போட்டு மாட்ட வேண்டும். அவற்றைச் சுற்றி ஓட்டை விட்டுப் பூசினால் அந்த ஓட்டை வழியாகத்தான் தண்ணீர் போகும். பிறகு நீங்களாக அந்தச் சுவரில் ஆணி அடிக்கவும் கூடாது.

5. சதுர அடிக்கு இவ்வளவு என்று சொன்னால், அதில் எதெல்லாம் சேர்த்தி? பழைய பூச்சுச் சரிபார்ப்பு, சாரம், வலை, ஆணி, வெளிப்பூச்சு எல்லாம் உண்டா? எழுதி வாங்குங்கள். இரண்டு மூன்று பேரிடம் விலை கேளுங்கள். ஏற்கெனவே செய்த வீடு ஒன்றை, அது ஒரு மழைக்காலத்தைப் பார்த்த பிறகு, நேரில் போய்ப் பாருங்கள்.

இந்தக் கேள்விகள் வெறும் சந்தேகப் புத்தி அல்ல. பிரிட்டனில் அரசு உதவித் திட்டங்களின் கீழ் வீடுகளுக்கு இப்படிச் சட்டை போட்டார்கள். 2025 அக்டோபரில் அந்த நாட்டுத் தணிக்கை அலுவலகம் அறிக்கை கொடுத்தது. வெளிச்சுவர்ச் சட்டை போட்ட வீடுகளில் நூற்றுக்கு 98 வீட்டில் சரிசெய்தே ஆக வேண்டிய குறை இருந்ததாம். 22,000-லிருந்து 23,000 வீடுகள்! அப்படியே விட்டால் ஈரமும் பூஞ்சணமும் வரக்கூடிய குறைகள். அத்தனை அனுபவம் உள்ள நாட்டிலேயே இந்தக் கதி என்றால், புதிதாகக் கற்றுக்கொள்ளும் நம் ஊரில் வீட்டுக்காரி கூட நிற்கத்தான் வேண்டும்.

தீயை மறக்காதீர்கள்

இன்னொன்றையும் சொல்லாமல் விடக் கூடாது. லண்டனில் கிரென்ஃபெல் டவர் என்று 24 மாடிக் குடியிருப்பு. பழைய கட்டடத்துக்கு வெளியே சூடு காக்கும் பலகையும், அதன்மேல் அலங்காரத் தகடும் போட்டு 2016-ல் வேலையை முடித்தார்கள். 2017 ஜூன் 14-ஆம் தேதி விடியற்காலையில் நாலாவது மாடியில் ஒரு சமையலறையில் ஃபிரிட்ஜிலிருந்து தீ கிளம்பியது. வெளியே போட்டிருந்த தகடுகளின் நடுவே இருந்த பிளாஸ்டிக் பற்றிக்கொண்டு, தீ கட்டடத்தின் உச்சி வரை ஏறிவிட்டது. 72 பேர் இறந்தார்கள்.

அங்கே போட்டது வேறு வகைத் தகடு. ஆனால் பாடம் நமக்கும் ஒன்றுதான். தெர்மோகோல் எரியக்கூடிய பொருள். ஆகவே தீத்தடுப்பு வகைதானா என்று சான்றிதழ் கேட்டுப் பாருங்கள். பூச்சு எங்கும் பெயராமல், பலகை ஓரிடத்திலும் வெளியே தெரியாமல் மூடியிருக்க வேண்டும். அடுக்குமாடிக் கட்டடம் என்றால் தெர்மோகோலே வேண்டாம். பாறையை உருக்கி நூலாக இழுத்துச் செய்யும் 'ராக் உல்' பலகை இருக்கிறது. விலை கூடத்தான், ஆனால் எரியாது. தீபாவளி ராக்கெட் எந்தச் சுவரில் வந்து விழும் என்று யாருக்குத் தெரியும்?

கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு

சுவர் வேலை தை மாதத்தில்தான் நடக்கும். சித்திரைக் குழந்தை அதுவரை காத்திருக்காது. ஆகவே இதையும் சொல்லிவிடுகிறேன்.

தொட்டிலையும் படுக்கையையும் மேற்குச் சுவரிலிருந்து தள்ளிப் போடுங்கள். ராத்திரி மெல்லிய பருத்திச் சட்டை ஒன்று போதும். குல்லாயும் காலுறையும் கோடையில் வேண்டாம். வேர்க்குரு வந்தால் மாவை அப்பாமல், தண்ணீரில் துடைத்து, மடிப்புகளை ஈரமில்லாமல் ஒற்றிவிட்டுக் காற்றாட விடுங்கள். ஆறு மாதம் முடியும் வரை, எத்தனை வெயிலானாலும் குழந்தைக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டாம். தாய்ப்பாலிலேயே தண்ணீர் இருக்கிறது. இன்னும் இரண்டு தடவை கூடுதலாகக் கொடுத்தால் போதும். தாயார்தான் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும்.

குழந்தை சிறுநீர் கழிப்பது குறைந்தாலும், வாய் உலர்ந்தாலும், உச்சிக்குழி பள்ளமாகத் தெரிந்தாலும், உடம்பு கொதித்துத் துவண்டு கிடந்தாலும் கை வைத்தியம் பார்க்காமல் உடனே டாக்டரிடம் ஓடுங்கள்.

கணக்கு என்னாயிற்று?

அந்த ஒரு சுவருக்கு ஆன செலவு, மாப்பிள்ளை வாங்க நினைத்த பெரிய ஏ.ஸி.யின் விலையை ஒட்டித்தான் வந்தது. ஏ.ஸி. வாங்கினால் மாதா மாதம் அதற்குத் தீனி போட வேண்டும். சுவர்ச் சட்டைக்குத் தீனி கிடையாது. ஒன்றரை டன் ஏ.ஸி. வேகமாக ஓடினால் மணிக்கு ஒரு யூனிட்டுக்கு மேல் இழுக்கும். இந்தக் கோடையில் அவர்கள் பழைய ஏ.ஸி.யையே 26-ல் வைத்து, இரண்டு மணி நேரம் ஓட்டிவிட்டு அணைத்துவிடுகிறார்கள். போன வருஷம் விடிய விடிய ஓடியும் போதாமல் இருந்தது அதே பெட்டிதான்.

2018-ல் மத்திய அரசு 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா' என்ற பெயரில் குடியிருப்புகளுக்கு ஒரு விதிமுறை கொண்டுவந்தது. ஏ.ஸி. பெட்டியில் நட்சத்திரம் ஒட்டுகிறார்களே, அதே எரிசக்தித் துறையினர் தயாரித்தது. சுவர், ஜன்னல், கூரை வழியாக எவ்வளவு சூடு உள்ளே வரலாம் என்பதற்கு அதில் அளவு போட்டிருக்கிறார்கள். அது புதிதாகக் கட்டும் பெரிய கட்டடங்களுக்காக எழுதியது. நாம் குடியிருக்கும் பழைய வீடுகளுக்குச் சட்டம் வந்து ஒன்றும் செய்யப் போவதில்லை. நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

போன மாதம் போயிருந்தேன். ராத்திரி பத்து மணிக்கு அதே சுவரில் கை வைத்துப் பார்த்தேன். மற்றச் சுவர் மாதிரிதான் இருந்தது. குழந்தை இப்போது நடக்கிறது. பழையபடி அந்த அறையிலேயே, அம்மாவின் பக்கத்தில் படுத்துத் தூங்கினாள். வளர்ந்துவிட்டாள், அதனால்கூடத் தூங்கலாம். எல்லாப் பெருமையும் சுவருக்கே என்று சொல்ல மாட்டேன். ஆனால் தொட்டிலை இடம் மாற்றிய முதல் ராத்திரியே ஒன்று தெளிவாகிவிட்டது. அந்தப் பெண்ணுக்குப் பால் குறைவாக இல்லை. சம்பந்தியம்மா அதைத் தன் வாயாலேயே சொன்னார். "சுவரு செஞ்ச தப்புக்கு நான் இவளைச் சொல்லிட்டேனே" என்று அவர் சொன்னபோது, என் அக்கா மகள் பேசாமல் போய் அவருக்கு ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்து கொடுத்தாள்.

காம்பவுண்டு ஓரம் தங்கள் மனையிலேயே ஒரு வேப்பங்கன்றும் வைத்திருக்கிறார்கள். அது சுவருக்கு நிழல் தரும் உயரம் வரப் பல வருஷம் ஆகும். அதுவரை சட்டை காக்கும்.

சகோதரிகளே, இன்று ராத்திரி படுக்கப் போகும் முன் உங்கள் வீட்டுச் சுவர்கள் ஒவ்வொன்றிலும் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். எந்தச் சுவர் சுடுகிறது, வெளியே அதற்கு என்ன நிழல் இருக்கிறது என்று எழுதுங்கள். அடுத்த இதழில், மழைக்கு முன்னால் மொட்டைமாடியை எப்படித் தயார் செய்வது என்று பார்ப்போம்.